ரெண்டுங்கெட்டான் படகு

ஜூன் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷின் முன்னால் வளைந்து உட்காராமல் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். நம் ஊர்ப் படகுப் பட்டறையில் ஒரு பழைய படகு விற்பனைக்கு நிற்கிறதாம். எங்கள் தூர்வாரும் கப்பலுக்கு உதிரிப்பாகம் கொண்டுவந்த ஒருவர் சொன்னார். பாய் விரித்தும் ஓடும், டீசல் எஞ்சினிலும் ஓடும். ஒரு பல் டாக்டருடையது. என்னால் இப்போது வந்து பார்க்க முடியாது. நீ போய்ப் பார். நல்லதா கெட்டதா என்று நீ முடிவு செய்ய வேண்டாம். கண்ணில் பட்டதை எழுது, போதும். உன் கடிதத்தைப் படித்தால் நான் நேரில் பார்த்த மாதிரிதான்.

படகு தேறினால் இந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஊர் சுற்ற வருகிறவர்களைக் கடலில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேறாவிட்டால், செப்டம்பர் கடைசியில் இங்கேயே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் அன்பு அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். தலையணை வைத்த பிறகும் அம்மாவின் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. தலையணை மட்டும் தட்டையாகிவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே வெயிலா, மழையா? கப்பலில் படிக்க ஏதாவது கிடைக்கிறதா?

"வந்துவிடுவேன்" என்று நீங்கள் எழுதிய வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா ஒரு சோபா உறைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, அது பாய்ப் படகா எஞ்சின் படகா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். "அப்போ ரெண்டுங்கெட்டான்னு சொல்லு" என்றாள். என் வயதையும் அம்மா அப்படித்தான் சொல்கிறாள். அதனால் அந்தப் படகைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

முதலில் நூலகத்துக்குப் போய், மரப்படகுகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தேன். இதற்குமுன் அதை யாருமே எடுத்ததில்லை என்று நூலகர் சொன்னார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

பல் டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் பழக்கம் விடவில்லை. நான் வணக்கம் சொல்ல வாயைத் திறந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்த்தார். "கீழ் வரிசையில நெருக்கடி" என்றார். பிறகு என்னை ஏணியில் ஏற்றிவிட்டார். மனைவியோடு கரையோரமாகவே ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அவர் இந்தப் படகை வாங்கினாராம். முதல் நாளே அந்த அம்மாவுக்குக் குமட்டிவிட்டதாம். அன்றிலிருந்து படகு தரையில்தான் நிற்கிறது.

நீங்கள் சொன்னபடி கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன். படகு முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. வயிறு பெரியது. வெள்ளைப் பெயிண்ட் வெங்காயச் சருகு போல உரிகிறது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அதில் வெடிப்பு இல்லை. நடுவில் கண்ணாடி போட்ட சின்னச் சுக்கான் அறை. ஒரு கண்ணாடி மட்டும் உடைந்து, அங்கே அட்டை ஒட்டியிருக்கிறது. சுக்கான் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். கீழே ஏதோ முனகியது, ஆனால் பின்னால் சுக்கான் திரும்பியது. கீழே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கொக்கி போட்ட ஒரு அலமாரி. பாய் ஒரு சாக்கு மூட்டையில் சுருண்டு கிடக்கிறது. விரித்துப் பார்க்க இடம் போதவில்லை. ஒரு ஓரம் கிழிந்திருப்பது தெரிந்தது.

கண்ணில் படாத ஒன்றையும் எழுதலாமா? சுக்கான் அறையில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குட்டிப் பலகை இருக்கிறது. ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்துக்கு முன்னால் யாரும் இல்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
கேள்விக்குறி


ஜூன் 30

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு வேறு தலையணை வாங்கிக்கொடு. உன் படிப்பு எப்படிப் போகிறது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் படகுக்குள் நானும் ஏறி இறங்கினேன். நன்றாக எழுதுகிறாய். இப்போது அடுத்த வேலை. என் பெட்டியில் மரக்கைப்பிடி போட்ட சின்னச் சுத்தியல் இருக்கும். அதை எடுத்துப்போய், படகின் பலகைகளை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டு. உரக்க வேண்டாம், கதவைத் தட்டுவது போலத் தட்டினால் போதும். என்ன சத்தம் வருகிறது என்று எழுது. சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிடாதே. உன்னால் முடியும். எனக்கு அது வேண்டும்.

அம்மா படகைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாளா?

அன்புடன் அப்பா


ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? "நான் நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். நாங்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மா படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சுத்தியலைத் தேடியபோது, கேட்பதற்கு முன்னாலேயே அது உங்கள் பெட்டியில் எந்த அறையில் இருக்கிறது என்று சொன்னாள்.

பட்டறையில் நான் தட்டத் தொடங்கியதும் பல் டாக்டர் ஓடிவந்துவிட்டார். அவரும் ஒரு சின்னக் கம்பியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் தட்ட ஆரம்பித்தார். தட்டிவிட்டு, பலகையிடம் குனிந்து "வலிக்குதா?" என்று கேட்டார். அவருடைய நாற்பது வருட வேலையும் இதுதானாம். தட்டுவது, கேட்பது, ஆளின் முகத்தைப் பார்ப்பது. "படகுகிட்ட ஒரு வசதி. இது பொய் சொல்லாது. மனுஷன் வலியை மறைச்சுக்கிட்டு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான்" என்றார்.

இனி சத்தங்கள். முன்பக்கப் பலகைகள் "ணங்" என்றன. காலி வகுப்பறையில் மேசையில் விரலால் தட்டினால் வருமே, அது. நடுப்பக்கம் "டொக்". அதே உறுதி, ஆனால் உள்ளே அலமாரி இருப்பதால் கொஞ்சம் அடைத்த குரல். ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஒரு பலகை மட்டும் "பொத்" என்றது. புத்தகத்தில் சொல்லியிருப்பதுபோல் கத்தியால் சுரண்டினேன். மேலே பூசிய பழைய பெயிண்ட்தான் தடித்துப் போயிருந்தது. அடியில் மரம் நல்ல சிவப்பாக இருந்தது. மறுபடி தட்டினேன், "ணங்" என்றது. பல் டாக்டர் கை தட்டினார்.

அப்பா, ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் இன்னமும் ஃபோன் பக்கத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகு நீங்கள் கூப்பிடவே இல்லை. கடைசியாகப் பேசியபோதும் அம்மா கேட்டது ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் கப்பல் கதையையே நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனீர்கள். அம்மா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு நம்ம பேச்சு இப்பல்லாம் காதுல ஏறாது" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் தைக்கிறாள்.

ஏன் கூப்பிடுவதில்லை?

உங்கள் மகள்


ஜூலை 28

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நான் நலம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இப்போது போதுமா? என்னை எஞ்சின் அறையிலிருந்து மாற்றி மேல்தளத்தில் பெயிண்ட் வேலை கொடுத்திருக்கிறார்கள். நல்ல காற்று வருகிறது.

ஃபோன் இங்கே சரியில்லை. அதனால்தான்.

நீ எழுதிய சத்தங்களைப் படித்தேன். அந்த ஜலதோஷம் பிடித்த பலகையைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இனி எஞ்சினை ஓட்டிப் பார்க்கச் சொல். பழைய எஞ்சினுக்கு எல்லாமே அதன் சத்தத்தில் இருக்கிறது. எப்படிக் கிளம்புகிறது, எங்கே தடுமாறுகிறது என்று எழுது. எஞ்சின் உட்கார்ந்திருக்கும் கட்டைகளையும் பார். எல்லோரும் அதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. இதற்கும் படகுக்கும் சம்பந்தம் இல்லை. அம்மாவின் மெஷின் இன்னும் அதே மாதிரிதான் ஓடுகிறதா? அது எப்படிச் சத்தம் போடுகிறது என்று எழுது. அவசரம் இல்லை. ஆனால் எழுது.

அன்புடன் அப்பா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். அம்மாவுக்கு இடுப்பு கொஞ்சம் தேவலை. உங்களைப் போய் ஏன் பெயிண்ட் அடிக்க விட்டிருக்கிறார்கள்? தெருமுனையில் பஸ் திரும்பும்போதே சத்தத்தை வைத்து எந்த பஸ் என்று சொல்கிறவரை மேல்தளத்தில் விட்டுவிட்டால் எஞ்சினை யார் பார்ப்பார்கள்?

மெஷின் சத்தத்தை முதலில் எழுதுகிறேன். நேற்று அதன் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா மிதித்ததும் ஒரு சின்ன இருமல். பிறகு ஒரே ஓட்டம், ஓட்டுக் கூரையில் மழை விழுவது போல. துணி மடிப்பு வரும் இடத்தில் ஒரு முனகல். முனையில் திருப்பும்போது ஒரு நொடி ஒன்றுமில்லை. அந்த நொடியில் அம்மா மூச்சு விடுவது கேட்கிறது. அடிநூல் தீரப்போகும்போது சத்தம் லேசாகிவிடும். வேலை விட்டு வரும்போது நீங்கள் வாசலிலிருந்தே "நூல் தீரப்போகுது" என்று குரல் கொடுப்பீர்கள். அம்மா எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இப்போது யாரும் சொல்வதில்லை. நூல் தீர்ந்த பிறகும் அம்மா வெறுமனே கொஞ்ச தூரம் தைத்துவிட்டு, பிறகு பார்த்துத் திட்டிக்கொள்கிறாள்.

இனி எஞ்சின். அதை ஓட்டிக் காட்ட ஒரு மெக்கானிக் வந்தார். பட்டறையில் எல்லோரும் அவரை டீசல் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். படகு தரையில் நிற்பதால், எஞ்சின் சூடாகாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீரில் குழாயைப் போட்டார். பிறகு பஞ்சை எடுத்து என் காதில் அடைக்க வந்தார். வேண்டாம், அப்பாவுக்குச் சத்தத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்றேன்.

"எழுதறதுக்குக் காது மிஞ்சணும்ல? எங்க மாமா பாதி ஆயுசை எஞ்சின் ரூம்ல கழிச்சவர். இப்போ பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டார். ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார். நம்மளைப் பேச விட்டா, நாம என்ன கேட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சாகணுமே. அதுக்குப் பயந்துக்கிட்டே பேசிட்டே இருப்பார், பாவம்" என்றார்.

அப்பா, இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கத்தான். தொடர்கிறேன்.

பஞ்சு வைத்த பிறகு எஞ்சின் எங்கோ அடுத்த தெருவில் ஓடுவது போல இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று தவித்துப்போய், விழுந்துவிடாமல் இருக்க எஞ்சின் மூடியில் உள்ளங்கையை ஊன்றினேன். அப்போதுதான் தெரிந்தது. கை வழியாக எல்லாமே வந்தது. நான்கு துடிப்பு, திரும்பத் திரும்ப. அதில் ஒன்று மட்டும் மெலிந்து வந்தது, ஒரு கால் நொண்டுகிறவர் நடப்பது போல. கையால் நொண்டிக் காட்டினேன். டீசல் அக்கா ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் போகும் குழாயின் நட்டை வரிசையாகத் தளர்த்தி இறுக்கினார். தளர்த்தும்போதெல்லாம் என் கைக்குள் நடை மாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் மாறவில்லை. அதுதான் கோளாறு. அதில் எண்ணெய் பீய்ச்சும் முனையை மாற்றிவிட்டால் நன்றாக ஓடும் என்றார்.

ஆகவே அப்பா, எஞ்சினுக்கு என்ன கோளாறு என்பது காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாலும் தெரிகிறது. கை போதும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இரண்டு நீளக் கட்டைகளில், இடது கட்டை கல் மாதிரி இருக்கிறது. வலது கட்டையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டிக்குள் போவது போல உள்ளே போய்விட்டது. எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் என் கடிதத்தைப் படித்தால் நேரில் பார்த்த மாதிரி என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தெருவின் அந்தப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பிவிடுகிறார்.

பழைய இரும்புக்காரர் ஒருவர் படகைக் கேட்டிருக்கிறாராம். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மரத்தை விறகுக்குப் போட்டுவிடுவார். நாம் ஒரு பதில் சொல்லும்வரை பொறுப்பதாகப் பல் டாக்டர் சொல்கிறார். ஆனால் பட்டறைக்காரர் அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி அவரை நச்சரிக்கிறார்.

அந்தக் கட்டையைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாதோ? அது ஒரு கட்டைதான். மற்றது எல்லாம் "ணங்" என்கிறது.

அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று உங்களைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் கேட்டால், அது எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

கேள்விக்குறி


செப்டம்பர் 6

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ அந்தக் கட்டையைப் பற்றி எழுதியது சரிதான். எழுதாமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். எஞ்சின் கட்டையே உளுத்துவிட்டது என்றால் அந்தப் படகை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பல் டாக்டரிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறேன். பெயிண்ட் வேலை ஒன்றும் கஷ்டம் இல்லை. மூன்று வருடம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அப்பா


செப்டம்பர் 15

என்னங்க,

நான்தான். எனக்குக் கடுதாசி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன். என் இடுப்பு பரவாயில்லை. நீங்க நலமான்னு கேட்கப்போறதில்லை. கேட்டா என்ன எழுதுவீங்கன்னு தெரியும். அதான் நலம் நலம்னு ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கீங்களே.

உங்க கடைசிக் கடுதாசியைப் படிச்சுட்டு இவ ஒரு மூலையில போய் உட்கார்ந்துட்டா. படகு போச்சேன்னு அழறான்னு நினைச்சு, வேற படகா இல்ல ஊர்லன்னு கேட்டேன். படகு இல்லம்மான்னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொன்னா. அந்த மெக்கானிக்கோட மாமாவைச் சொன்னா. நீங்க ஃபோன்ல மூச்சு விடாம பேசினதைச் சொன்னா. எஞ்சின் ரூம்ல இருந்து உங்களை ஏன் மாத்தினாங்க, யோசிச்சுப் பாரும்மான்னா.

இவ்வளவு நாளா உங்களுக்கு எங்க மேல மனசு விட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டிருந்தேங்க. நம்ம பேச்சு காதுல ஏறாதுன்னு நான் சொன்ன சொல்லு என்னையே வந்து அறைஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க. கேட்காமப் போனது காதுதான், மனசு இல்லன்னு தெரிஞ்சதும் முதல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் அழுதேன்.

மறுநாள் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போமேன்னு. முதல்ல ஊசி ஒடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள விரல் பழகிடுச்சு. நூல் தீரப்போறதைக்கூட விரல் சொல்லிடுச்சுங்க. நீங்க வாசல்ல நின்னு சொல்ற மாதிரி. வேலை கஷ்டமா இல்லை. மனுஷங்கதான் கஷ்டமா இருந்தாங்க. துணி தைக்கக் குடுக்க வந்த ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, என்ன திமிர் பாருன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. ஒரு நாளைக்கே எனக்கு அவ்வளவு அவமானமா இருந்துச்சு. நீங்க இத்தனை மாசம் அங்க யார்கிட்டயும் சொல்லாம எப்படி இருந்தீங்க?

நேத்து பட்டறைக்குப் போனேன். படகு நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பாயை விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். துணி நல்ல துணி. தையல்தான் விட்டிருக்கு. தெச்சுத் தர்றேன்னு சுருட்டி எடுத்துக்கிட்டேன். வியாழக்கிழமை இரும்புக்காரன் வர்றானேம்மான்னு பல் டாக்டர் இழுத்தார். வரட்டும், பாய் என் வீட்ல இருக்கும்னேன். "பாயைத் தூக்கிட்டுப் போறவங்க படகை விட்டுட்டா போவாங்க"ன்னு சிரிச்சுட்டு, இரும்புக்காரனுக்கு நானே சொல்லிக்கிறேன்னுட்டார். கூடத்துல நடக்க இடமில்லை. பாய் மேல ஏறித்தான் சமையக்கட்டுக்குப் போறோம்.

படகு தேறுமா தேறாதான்னு நீங்க பார்த்துக்குங்க. ஆனா அதையும் நீங்க வர்றதையும் முடிச்சுப் போடாதீங்க. கேட்கிற காதோடதான் வரணும்னு உங்களுக்கு யார் சொன்னா?

கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு
நான்


செப்டம்பர் 29

என் அன்பானவளுக்கு,

நலம் என்று எழுதக் கை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

எனக்குக் காது கேட்பதில்லை. இதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இடது காது ஜனவரியிலேயே போய்விட்டது. வலது காதில் பக்கத்தில் நின்று பேசினால் குரல் வருகிறது, சொல் வருவதில்லை. ஃபோனில் உன் குரல் ஒரு நீளமான கோடு மாதிரி வந்தது. அது நீதான் என்பது மட்டும் தெரிந்தது. நீ கேட்டு நான் பதில் சொல்லாமல் விழிப்பதைவிட, நானே பேசிக்கொண்டிருப்பது மேல் என்று நினைத்தேன்.

சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்குக் கோளாறு சொல்கிறவன் என்ற பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. அது போனபிறகு எந்த முகத்தோடு வருவது? எஞ்சினுக்குக் காது வேண்டும், பாய்க்குக் கண் போதும். அதனால்தான் பாயும் உள்ள படகாகத் தேடினேன். படகோடு வந்தால், காது போய் வந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், படகு வாங்க வந்தவன் என்று சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். உளுத்த கட்டை என்றதும் அந்தக் கணக்கு விழுந்துவிட்டது.

அவளைச் சத்தங்களை எழுதச் சொன்னது படகுக்காக மட்டும் இல்லை. உன் மெஷினைப் பற்றி எழுதிய அந்தப் பக்கம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. முனையில் திருப்பும்போது நீ மூச்சு விடுவாய் என்று எழுதியிருந்தாள். காது நன்றாக இருந்தபோது அதை நான் கவனித்ததே இல்லை.

உன் கடிதம் வந்த அன்று, ஓய்வு நேரத்தில் எஞ்சின் அறைக்கு இறங்கிப் போனேன். யாரும் தடுக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது உண்மைதான்.

கையெழுத்துப் போடவில்லை. வலது கட்டையை மாற்றினால் போதுமா, படகையே விட்டுவிடுவதா என்பதை வந்து தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். எதுவானாலும் வருகிறேன். அக்டோபர் 19, சாயங்கால பஸ்.

உன்னுடையவன்


அக்டோபர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நீங்கள் கிளம்புவதற்குள் இது வந்து சேர வேண்டுமே என்று தபால்காரரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் என்னைக் கண்டால் ஒளிவதில்லை.

அம்மாவின் இடுப்பு முன்பைவிட மோசம். பாயைத் தரையில் விரித்து, அதன் மேல் தவழ்ந்து தவழ்ந்து பின் குத்தினால் வேறு எப்படி இருக்கும். ஆனால் யாராவது படகு வாங்கிவிட்டீர்களாமே என்று விசாரித்தால், "யார் சொன்னா? பாய் தைக்கக் குடுத்திருக்காங்க" என்கிறாள். பல் டாக்டர் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரும்புக்காரரிடம் அவர் சொன்ன பதில், "பல்லு ஒண்ணுதான் சொத்தை, அதுக்காகத் தலையை எடுக்கச் சொல்றியா" என்பதாம். டீசல் அக்கா அந்த வலது கட்டைக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் பார்த்த பிறகுதான் கை வைப்பாராம்.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம். மெஷினுக்கு எதிர்ச் சுவரில் அம்மா ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு, முதுகுப் பக்கம் யார் வந்தாலும் கூப்பிடாமலே தெரியும். யாருக்காக என்று அம்மா சொல்லவில்லை. வெளிச்சத்துக்காக என்றாள். அந்தச் சுவரில் வெளிச்சமே விழுவதில்லை.

பஸ் நிலையத்தில் கூட்டமாக இருக்கும். அறிவிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பின்னாலிருந்து யாராவது கூப்பிடுகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். நான் கூப்பிட மாட்டேன். நீங்கள் இறங்கும் படிக்கு நேராக நிற்பேன். அம்மா பாயில் வெட்டி எடுத்த கிழிந்த துண்டு ஒன்று, பாதி மேசை அகலத்துக்கு, என்னிடம் இருக்கிறது. அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பேன். ஊர் முழுக்கச் சிரித்தாலும் இறக்க மாட்டேன். அம்மா எனக்குப் பக்கத்தில், ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவள் போல நிற்பாள். அதை நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கடிதத்தில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்ததும் உங்கள் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொன்றாக, மெதுவாகக் கேட்பேன்.

உங்கள்
கேள்விக்குறி